குடும்ப நலப் பணிக்கு அரசு நிதி பெறும் வழி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சமூக, சமய அமைப்புகளுக்கு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் வேர்விட்ட இடம் தருமபுரி மாவட்டம். 1989 ஆம் ஆண்டு சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அத்திட்டம் இங்கே தொடங்கியபோது, கிருஷ்ணகிரியும் ஓசூரும் இதே மாவட்டத்துக்குள் இருந்தன. ஊர் ஊராகச் சென்று பெண்களைத் திரட்டிக் குழுவாக்கும் வேலையில் தொண்டு நிறுவனங்கள் அரசுக்குத் துணை நின்றன. ஆகவே, அரசின் பணம் ஓர் அமைப்பின் கைவழியாகக் குடும்பங்களைச் சென்றடைவது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அன்று. இருந்தும், ஒரு கிறித்தவப் பங்குப் பேரவையோ, ஜமாஅத்தோ, கோயில் அறக்கட்டளையோ, ஊர்ச் சங்கமோ அரசு நிதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் கட்டடத்திலும் வாகனத்திலும் போய் நின்றுவிடுகிறது. கணவனை இழந்த பெண்ணுக்கும், குடிநோயில் சிக்கிய வீட்டுக்கும், பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்கும் உரிய நிதி வழிகள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. அந்த வழிகளைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கெனத் தனியே ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 27 ஆம் பிரிவு கூறுகிறது. சமயப் பின்னணி உள்ள ஓர் அமைப்பு எல்லாருக்கும் பொதுவான நலப்பணியைச் செய்வதற்கோ, அதற்காக அரசு மானியம் பெறுவதற்கோ இது தடையாகாது. கிறித்தவ, இஸ்லாமிய, இந்து சமயப் பின்னணி கொண்ட எத்தனையோ தொண்டு அமைப்புகள் முதியோர் இல்லங்களையும் மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிகளையும் அரசு மானியத்தோடு நடத்திவருகின்றன. அவை சேவைக்காகப் பணம் பெறுகின்றன. வழிபாட்டுக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாயும் போவதில்லை. இந்த எல்லைக்கோடு அழியாமல் காப்பாற்றுகிற அமைப்புக்கு மற்ற நடைமுறைகள் எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவையே.

முதலில் குடும்பங்களுக்கு உரியதை வாங்கித் தாருங்கள்

அமைப்பின் பெயரில் மானியம் கேட்பதற்கு முன்னர், உங்கள் ஊர்க் குடும்பங்கள் தங்கள் பெயரிலேயே பெறக்கூடிய தொகைகள் வந்து சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். என் கருத்தில், ஒரு சிறிய அமைப்பு தன் ஊருக்குக் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய அரசு நிதி இதுதான். இதற்குப் பதிவு எண் வேண்டாம், தணிக்கை அறிக்கை வேண்டாம், மூன்றாண்டு அனுபவமும் வேண்டாம். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள இரண்டு பேர் இருந்தால் போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ், தந்தையை இழந்த அல்லது பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகள், பெற்றோர் கடும் நோயால் முடங்கிய வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்கு, தகுதி இருப்பின், நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும் நகரப் பகுதியில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். உங்கள் ஊராட்சியில் இப்படிப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒப்புதல் கிடைத்தால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் நேரடியாக அந்த வீடுகளுக்கு வரும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்ல வேண்டும். அங்கே நேர்விசாரணை நடந்து, ஒப்புதல் குழு முடிவெடுக்கும். ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்கவும் நேரலாம். இதோடு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கைம்பெண் ஓய்வூதியம், முதியோர் ஓய்வூதியம், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் உதவித்தொகை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ஆகியவற்றையும் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எழுதிப் பார்த்தால், எந்த வீட்டில் எது விடுபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த உதவிகள் நின்றுபோவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்தான். ஆதாரில் ‘முனியம்மா’ என்றும் குடும்ப அட்டையில் ‘முனியம்மாள்’ என்றும் இருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களின் பெயர், ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். கணவன் பெங்களூரில் கட்டட வேலையின்போது இறந்திருப்பார்; இறப்புச் சான்று கர்நாடகத்தில் வாங்கப்பட வேண்டியதாக இருக்கும்; அது இல்லாமல் வாரிசுச் சான்றும் ஆதரவற்ற விதவைச் சான்றும் நகராது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் சாதிச் சான்றே பெரிய தடையாக நிற்கும். கணவன் உயிரோடிருந்தும் கைவிட்டுப் போன பெண்ணுக்கு வேறு வகைச் சான்று வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம், எந்த ஆவணம், யார் கையொப்பம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் ஓர் உதவி மேசை போட்டு உட்காருங்கள். வழிபாட்டுத் தலத்தின் வளாகத்துக்கு வெளியே, அங்கன்வாடிக்குப் பக்கத்திலோ ஊராட்சிக் கட்டடத் திண்ணையிலோ அந்த மேசை இருப்பது நல்லது. வேறு சமயத்தவரும் வேறு தெருக்காரரும் கூச்சமின்றி வருவார்கள்.

அந்த மேசையில் ஒரு பதிவேடு கட்டாயம் வேண்டும். தேதி, பெயர், ஊர், என்ன உதவி கேட்டார், எந்த அலுவலகத்துக்கு மனு போனது, மனு எண், முடிவு என்ன என்ற பத்திகள் போதும். ஓராண்டு ஒழுங்காக எழுதப்பட்ட இந்தப் பதிவேடு, பின்னாளில் நீங்கள் மானியம் கேட்டுச் செல்லும்போது வேறு எந்தப் பரிந்துரைக் கடிதமும் தராத மதிப்பை உங்களுக்குத் தரும்.

பதிவும் அடையாளமும்

திருவிழாக் குழுவுக்கோ, பங்குப் பேரவைக்கோ, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ அரசு மானியம் நேரடியாக வராது. இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயிலின் வருமானமும் வக்ஃபு சொத்தின் வருமானமும் அவற்றுக்குரிய சட்டங்களின்படி மட்டுமே செலவிடப்பட வேண்டியவை. அவற்றோடு நலத்திட்ட மானியத்தைக் கலக்க முடியாது. எனவே, நலப்பணிக்கென்று தனியே ஒரு சட்டப்பூர்வ அமைப்பு தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம்; அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதியலாம். ஊரார் பலர் பங்கெடுக்கும் பணிக்குச் சங்கமே ஏற்றது என்பது என் எண்ணம். அதில் பொதுக்குழு உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு.

நோக்கப் பிரிவை எழுதும்போது அவசரப்படாதீர்கள். ‘சமயப் பணியும் சமூகப் பணியும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால், பிறகு வருமான வரிச் சலுகையிலும் மானிய ஆய்விலும் கேள்வி எழும். ‘சாதி, சமயம், மொழி வேறுபாடு பாராமல், தருமபுரி மாவட்டத்தில் வறுமையாலும் குடும்ப வன்முறையாலும் நோயாலும் பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு ஆலோசனை, பாதுகாப்பு, கல்வி, வாழ்வாதார உதவி அளித்தல்’ என்பது போலத் திட்டவட்டமாக எழுத வேண்டும். நிர்வாகக் குழுவில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். வேறு சமயத்தவர் ஒருவர் இருவராவது இருக்கட்டும். கட்டாய விதி இல்லாத இடத்திலும் இதைச் செய்யச் சொல்கிறேன், ஏனெனில் பணி பொதுவானது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை.

பதிவுக்குப் பின் நிரந்தரக் கணக்கு எண், தனி வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவு ஆகியவற்றை முடிக்க வேண்டும். மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்க தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிந்து அடையாள எண் பெற்றிருக்க வேண்டும்; அங்கே நிர்வாகிகளின் ஆதார், நிரந்தரக் கணக்கு எண் விவரங்கள் கேட்கப்படும். பணம் பொது நிதி மேலாண்மை அமைப்பு என்னும் இணைய முறை வழியாகவே வருவதால், வங்கிக் கணக்கு அதிலும் இணைந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதை விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுத் தாக்கல் நிலுவையில் இருந்தால், தலைப்பில் எவ்வளவு நல்ல திட்டம் இருந்தாலும் விண்ணப்பம் முதல் சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். பெரும்பாலான திட்டங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் பணி அனுபவத்தையும் அத்தனை ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் கேட்கின்றன. ஆகவே மானியம் தேவைப்படும் ஆண்டில் பதிவு செய்யாமல், இப்போதே பதிவு செய்து, நன்கொடையில் சிறிய அளவில் பணியைத் தொடங்கிவிடுவதே முறை.

எந்தக் கதவைத் தட்டுவது

தேவையை முதலில் எழுதி, பிறகு அதற்குரிய திட்டத்தைத் தேடுங்கள். இந்த இரு மாவட்டங்களில் குடும்பங்களை வருத்துபவை ஓரளவு தெரிந்தவையே: சிறுவயதுத் திருமணம், மது, வேலைக்காகப் பெற்றோர் வெளியூர் சென்றுவிட முதியோரிடம் தங்கும் பிள்ளைகள், தனித்து விடப்படும் முதியோர், குடும்ப வன்முறை. பெண் குழந்தை வேண்டாம் என்ற மனநிலையின் நிழலும் இங்கே உண்டு. வேண்டாமென்று விடப்படும் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்வதற்காக 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001 இல் விரிவாக்கியபோது தருமபுரியையும் சேர்க்க வேண்டியிருந்தது.

முதியோர் பணிக்கு, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் அடல் வயோ அப்யுதய் யோஜனாவின் கீழ் முதியோர் இல்லங்கள் போன்றவற்றை நடத்தத் தொண்டு அமைப்புகளுக்கு மானியம் உண்டு. மதுவிலிருந்தும் போதையிலிருந்தும் மீட்கும் பணிக்கு, போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தில் மறுவாழ்வு மையம் நடத்த நிதி தரப்படுகிறது. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்படி உரிமம் பெறாமல் நோயாளிகளைத் தங்கவைக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காகப் பணிசெய்ய தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. இந்த வகை விண்ணப்பங்கள் இ-அனுதான் இணையதளம் வழியாகச் செல்கின்றன. மாவட்ட அளவில் நேராய்வும் மாநில அரசின் பரிந்துரையும் இன்றி அவை நகர்வதில்லை. பழங்குடிக் குடும்பங்களுக்கான பணிக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தில் தனி மானியத் திட்டம் உள்ளது. சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையேயோ இருளர் குடியிருப்புகளிலோ பணிசெய்யும் அமைப்புகள் அதைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கான மத்திய நிதி இப்போது மிஷன் சக்தி என்ற குடையின் கீழ் வருகிறது. ஆதரவற்ற பெண்களுக்கான சக்தி சதன் இல்லம், பணிபுரியும் பெண்களுக்கான சகி நிவாஸ் விடுதி ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்கான அறிவிப்பு வரும்போது தெரிந்துகொள்ள, மாவட்ட சமூக நல அலுவலகத்தோடு தொடர்பில் இருப்பதே ஒரே வழி. பணம் வராத, ஆனால் மிகப் பயனுள்ள ஒரு தகுதியையும் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இன் 10 ஆம் பிரிவின்படி, பெண்களின் உரிமைப் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட பதிவுபெற்ற அமைப்பு, மூன்றாண்டுப் பணி அனுபவம் இருந்தால், சேவை வழங்குநராக அரசிடம் பதிந்துகொள்ளலாம். அதன்பின் பாதிக்கப்பட்ட பெண்ணின் விருப்பத்தின் பேரில் வன்முறை நிகழ்வு அறிக்கையைப் பதிவு செய்து, நீதித்துறை நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பும் அதிகாரம் அந்த அமைப்புக்குக் கிடைக்கிறது.

சிறுபான்மைச் சமூக அமைப்புகள் அதிகம் பயன்படுத்தாத ஒரு வழி மாவட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமும், அதே போன்று கிறித்தவ மகளிர் உதவும் சங்கமும் அமைக்கப்பட்டுள்ளன. ஊரில் திரட்டப்படும் நன்கொடைக்கு ஈடாக அரசு இணை மானியம் தருகிறது; கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் சிறுதொழில், கல்வி, மருத்துவ உதவி ஆகியவை அதிலிருந்து வழங்கப்படுகின்றன. கிருஷ்ணகிரி நகரில் ஒரு ஜமாஅத், ரமலான் மாதத்தில் வீடு வீடாகச் சில நூறு ரூபாய்களாகப் பகிர்ந்துவிடும் தொகையின் ஒரு பகுதியை இந்தச் சங்கத்துக்கு நன்கொடையாக அளித்தால், அரசின் பங்கும் சேர்ந்து, தையல் இயந்திரமாகவோ சிறுகடை முதலாகவோ ஒரு வீட்டில் நிலைத்து நிற்கும். விவரங்களுக்கு மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரை அணுக வேண்டும்.

கட்டடம் உண்மையிலேயே தேவைப்பட்டால், நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்த, மீதியை அரசு ஏற்று, அங்கன்வாடி போன்ற பொதுக் கட்டடத்தைக் கட்டித் தரும். அது பொதுச் சொத்தாகவே இருக்கும். வழிபாட்டுத் தலத்தின் வளாகத்திலோ, சமய அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலோ நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைச் செலவிட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. சிறார் நீதிச் சட்டம், 2015 இன் 41 ஆம் பிரிவின்படி பதிவு செய்யாமல், பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருந்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்ல மனத்தோடு செய்தோம் என்பது அங்கே பதிலாகாது. அதற்கும் மேலாக, பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுவருவதைவிட, நிதி ஆதரவு பெற்றுத் தந்து தாயிடமோ பாட்டியிடமோ வளரவிடுவதையே இன்றைய சட்டமும் முதன்மையாகக் கருதுகிறது. புதிதாக ஓர் இல்லம் தொடங்க நினைப்பவர்கள் இதை மீண்டும் மீண்டும் யோசிக்க வேண்டும்.

கருத்துரு எழுதுதல்

மானியம் கேட்டு எழுதி அளிக்கும் திட்ட முன்மொழிவே கருத்துரு. அதில் அலுவலர் முதலில் தேடுவது, யாருக்கு, எங்கே, எத்தனை பேருக்கு, என்ன சேவை, எவ்வளவு செலவு என்ற ஐந்துக்கும் நேரான விடையை. ‘மாவட்டம் முழுவதும் உள்ள ஏழைக் குடும்பங்களின் வாழ்வை மேம்படுத்துதல்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் ஆய்வு செய்ய முடியாது. ‘பென்னாகரம் வட்டத்தில் மூன்று ஊராட்சிகளில், பெற்றோர் வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் 60 வீடுகளில் வளரும் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு, பள்ளிப் படிப்பு தொடர்வதை உறுதிசெய்ய மாதம் இருமுறை வீட்டுச் சந்திப்பும் மாலை நேரப் படிப்பு மையமும்’ என்று எழுதினால், அதைப் படிக்கிறவருக்கு வீடுகள் கண்ணில் தெரியும். ஆய்வுக்கு வருகிறவர் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். எண்ணிக்கையை நீங்களே நடந்து எடுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகிய மூவரிடமும் கேட்டுச் சரிபார்த்த பட்டியலுக்கு இணையான ஆதாரம் வேறில்லை.

செலவுத் திட்டத்தில், திட்ட விதிமுறையில் உள்ள தலைப்புகளையும் உச்சவரம்புகளையும் அப்படியே பின்பற்றுங்கள். களப்பணியாளர் சம்பளத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டி மதிப்பெண் வாங்க முயலாதீர்கள். குறைந்த சம்பளத்தில் வருகிறவர் நான்கே மாதத்தில் ஓசூர் சிப்காட் வேலைக்குப் போய்விடுவார், அவரோடு குடும்பங்களின் நம்பிக்கையும் போய்விடும். பயணச் செலவை நேர்மையாக எழுதுங்கள். அஞ்செட்டியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்து திரும்ப ஒரு நாள் முழுவதும் ஆகும்; பேருந்துக் கட்டணம், சாப்பாடு, அவருடைய அன்றைய கூலி இழப்பு எல்லாம் உண்மையான செலவுகள். பல திட்டங்களில் ஒரு பங்கை அமைப்பே ஏற்க வேண்டியிருக்கும். அதைத் தவிர, மானியம் தவணைகளாகவும் தாமதமாகவும் வரும் என்பதால், ஆறு மாதச் சம்பளத்தையாவது நன்கொடையிலிருந்து தாங்கக்கூடிய நிலை இல்லாத அமைப்பு பெரிய மானியத்தில் கால் வைக்கக் கூடாது.

சிறுவயதுத் திருமணத்தைத் தடுக்கும் பணிக்கு நிதி கேட்கும் சமய அமைப்பு, அதற்கு முன்பே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்ததற்கான ஆவணத்தைப் பார்க்காமல் எங்கள் ஆலயத்திலோ, பள்ளிவாசலிலோ, கோயில் மண்டபத்திலோ திருமணம் நடத்தப்படாது என்பதே அது. 2006 ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அத்தகைய திருமணத்தை நடத்திவைப்பவருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தீர்மான நகலைக் கருத்துருவோடு இணையுங்கள்.

பணம் வந்த பின்

மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு, தனி ரொக்கப் புத்தகம், தனி வவுச்சர் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். காணிக்கை, சந்தா, திருவிழா வசூல் எதுவும் அந்தக் கணக்கில் நுழையக் கூடாது. அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துப் பிறகு வைத்துவிடலாம் என்ற பேச்சுக்கும் இடம் தரக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைக்கான அனுமதி பெற்ற அமைப்புகள் அந்தப் பணத்தையும் இதனோடு கலக்கக் கூடாது. ஒரே செலவுக்கு இரண்டு அரசுத் துறைகளிடம் மானியம் பெறுவதும் விதிமீறல்.

வவுச்சர் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் எடுத்துக்காட்டு. பாலக்கோடு சந்தையில் படிப்பு மையப் பிள்ளைகளுக்குக் காய்கறி வாங்குகிறீர்கள். விற்பவரிடம் பில் புத்தகம் இருக்காது. அன்றே ஒரு வவுச்சரில் தேதி, விற்பவர் பெயர், ஊர், தக்காளி எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று எழுதி, அவர் கையொப்பமோ கைரேகையோ பெற்று, வாங்கியவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, எந்தச் செலவுத் தலைப்பு என்பதையும் மேலே குறித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் வவுச்சர்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருக்கும். தணிக்கையாளர் புரட்டிய உடனே கண்டுகொள்வார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிருங்கள். வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம்.

2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மத்திய மானியம் பெற்ற அமைப்பு நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் மானியம் உரிய பணிக்கே செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில் அளிக்க வேண்டும். அது வராமல் அடுத்த தவணை வராது. எனவே ஜூன், ஜூலைக்குள் தணிக்கையை முடிப்பதே நல்லது. மானியத் தொகைக்கு வங்கி தரும் வட்டியையும் அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். மானியத்தில் வாங்கிய மேசை, கணினி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, பொருளின் மேலும் எண் எழுதி வைக்க வேண்டும்; முன் அனுமதியின்றி அவற்றை விற்கவோ வேறு பணிக்கு மாற்றவோ உரிமை இல்லை.

கணக்கைவிடக் கடினமானது நடத்தை. மானியத்தில் நடக்கும் ஆலோசனை மையத்துக்கு வரும் பெண்ணிடம் வழிபாட்டுக்கு வரும்படி கேட்கக் கூடாது; உதவியை எந்த நம்பிக்கையோடும் பிணைக்கக் கூடாது. குடும்பத்தைச் சேர்த்துவைப்பதே புண்ணியம் என்ற எண்ணம் நம் எல்லாச் சமயத்தவரிடமும் ஆழமாக இருக்கிறது. ஆனால் அடி வாங்கிக்கொண்டு வந்த பெண்ணை, ஊர்ப் பெரியவர் முன் உட்காரவைத்து, பொறுத்துப் போகச் சொல்லி அனுப்புவது குடும்ப நலப் பணி ஆகாது. அவள் உயிருக்கே அது ஆபத்தாக முடியலாம். அவள் என்ன விரும்புகிறாள் என்று தனியே கேளுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் 181 உதவி எண்ணுக்கும் வழிகாட்டுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குற்றம் சாட்டப்படுபவர் உங்கள் அமைப்பின் மூத்தவராகவே இருந்தாலும் இதில் விலக்கில்லை. குழந்தைகளுக்கான 1098 எண்ணை மையத்தின் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பயனாளிகளின் கதைகளையும் படங்களையும் நன்கொடைக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை அறவே நிறுத்துங்கள். தருமபுரி போன்ற ஊரில் முகத்தை மறைத்தாலும் புடவையையும் வாசலையும் வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தாலோ, இடைத்தரகர் யாரிடமும் போகாதீர்கள். திட்ட மானியத்தில் இத்தனை விழுக்காடு தந்தால் முடித்துத் தருகிறேன் என்று வருபவரை ஏற்றுக்கொண்டால், அந்தப் பணத்தைப் பொய் வவுச்சரில்தான் எழுத வேண்டிவரும். அன்றோடு அமைப்பின் பெயர் போய்விடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், நிர்வாகிகளில் ஒருவர் தம் சொந்தப் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, கோப்பு எந்த நிலையில் உள்ளது, எந்தக் குறிப்பின் பேரில் நிறுத்தப்பட்டது, ஆய்வறிக்கை நகல் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால், அந்தக் குறையை மட்டும் சரிசெய்து, அடுத்த அறிவிப்பு வெளியானதும் அதே கருத்துருவைப் புதிய பயனாளிப் பட்டியலோடு மீண்டும் சமர்ப்பியுங்கள்.